பாப்பாவுக்குக் கட்டிய படி

காலை பதினொன்று பத்துக்கு என் மகள் ஏழாவது மூட்டையில் கால் வைத்தாள். நேரம் எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் கிடங்குக்குப் பதினொன்று பத்துக்குத்தான் டீ வரும். நான் டீத் தூக்கைத் திறந்து முதல் தம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தேன். தம்ளர் பாதி நிறைந்திருந்தது. மீதியை நான் ஊற்றவேயில்லை.

கிடங்கு காரைக்கால் பக்கம் குரும்பகரத்துக்குப் போகும் வழியில் வயல்களுக்கு நடுவே இருக்கிறது. ஒரு தனியாருடைய அரிசிக் கிடங்கு. பதினாறு வருடமாக அதன் பொறுப்பு என்னுடையது. வருகிற மூட்டை, போகிற மூட்டை, ஈரம், எலி, ஒழுகும் கூரை என்று எல்லாவற்றையும் நான்தான் பார்க்க வேண்டும். லோடுமேன்கள் மேஸ்திரியோடு சேர்த்துப் பதினோரு பேர். எல்லோரும் என்னை அக்கா என்பார்கள், என்னைவிடப் பத்து வயது மூத்த மேஸ்திரியும்கூட.

என் மகள் பிசியோதெரபி படித்தவள். சென்னையில் ஒரு நிறுவனத்தில் வேலை. தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய், உடம்பு கெடாமல் சுமை தூக்குவது எப்படி என்று தொழிலாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். பெண் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், “தூக்கச் சொல்லிக் குடுக்குறா” என்பேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. கிரேன், லாரி, கொதிகலன் என்று எதன் பக்கத்திலும் அவள் நிற்கப் போவதில்லை. ஒரு பலகைக்கு முன்னால் நின்று பேசப் போகிறாள். அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

நான் பயந்த அம்மா. இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. அவள் சின்னவளாக இருந்தபோது காரைக்கால் கடற்கரைக்குப் போனால், அலை வந்து தொடும் இடத்துக்கு நாலு அடி முன்பே அவள் பாவாடையைப் பிடித்துக்கொள்வேன். மற்ற பிள்ளைகள் தண்ணீரில் விழுந்து எழும்போது இவள் ஈரமணலில் நின்று கால் விரலால் கோடு போட்டுக்கொண்டிருப்பாள். சைக்கிள் வாங்கிக் கொடுக்கவில்லை. ஊஞ்சலைக் கையால் நிறுத்திவிடுவேன். அவள் அப்பா வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிறவர், வரும்போதெல்லாம், “புள்ளைய ஒரு தடவையாவது விழ விடு” என்பார்.

அப்படிப்பட்ட நான்தான் அவளைக் கிடங்குக்கு அழைத்தேன்.

அந்த வாரம் கிடங்குக்கு வரும் சாலையில் வாய்க்கால் மேலிருந்த பழைய பாலத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆள் நடப்பதற்கு மட்டும் இரண்டு தென்னை மரங்களைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். லாரி வராது. லாரி வராவிட்டால் எங்களுக்கு வேலையும் இல்லை. வருடத்துக்கு ஒரு தடவை தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று முதலாளி சொல்லிக்கொண்டே இருந்தார். நான் மகளுக்கு போன் செய்தேன். “வந்து ஒரு நாள் கிளாஸ் எடுத்துட்டு, ரெண்டு நாள் வீட்ல இருந்துட்டுப் போ” என்றேன். பயிற்சியைவிட அந்த இரண்டு நாள்தான் எனக்கு முக்கியமாக இருந்தது.

காலை எட்டரைக்கு ஆரம்பித்தாள். மேசை நாற்காலி ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அரிசி அட்டிகளுக்கு இடையே உள்ள சந்தில் எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்தாள். அட்டி என்பது மூட்டைகளைச் சுவர்போல அடுக்கிய அடுக்கு. எங்கள் கிடங்கில் ஒவ்வொன்றும் ஒன்பது பத்தடி உயரம் இருக்கும். ஐம்பது கிலோ மூட்டை ஒன்றைத் தரையில் போட்டுக்கொண்டு, காலை எங்கே வைக்க வேண்டும், முழங்காலை எப்படி மடக்க வேண்டும், சுமையை ஏன் வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும், திரும்பும்போது ஏன் இடுப்பைத் திருகாமல் பாதத்தை நகர்த்த வேண்டும் என்றெல்லாம் சொன்னாள்.

மேஸ்திரி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “முதுக வளைக்காமத் தூக்குன்னா எப்புடி பாப்பா? மூட்டை எந்திரிச்சு வருமா?” என்றார்.

“முட்டிய மடக்குங்க ஐயா. முட்டி எதுக்கு இருக்கு?”

“அது தேஞ்சு போயி பத்து வருசம் ஆச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர்களில் மிக உயரமான ஒருவர், எதற்கெடுத்தாலும் கேலி பேசுகிறவர், பின்னாலிருந்து குரல் கொடுத்தார். “பாப்பா, எங்க வீட்டுப் பொம்பள கேஸ் சிலிண்டர ஒத்தக் கையால தூக்கிட்டுப் போவுதுங்க. அதுக்கும் ஒரு கிளாஸ் எடுத்துருங்க.”

“நீங்க நாள் முழுக்க மூட்டை தூக்குறவரு. வீட்டுல அந்தச் சிலிண்டர ஏண்ணே அவங்க தூக்கணும்?”

“மாட்டுனான்டா!” என்று பக்கத்தில் நின்றவர் அவர் முதுகில் அறைந்தார். உயரமானவரும் சேர்ந்து சிரித்தார். கொஞ்ச நேரத்தில் பார்த்தால், மேஸ்திரி ஓரமாகப் போய் யாரும் பார்க்காதபோது முழங்காலை மடக்கி ஒரு மூட்டையைத் தூக்கினார். இறக்கினார். மறுபடியும் தூக்கினார்.

கடைசியாக ஒரு பாடம் வைத்திருந்தாள். வேலை நடக்கும் இடத்தில் ஒருவர் உயரத்திலிருந்து விழுந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது அது. “விழுந்தவங்களத் தூக்காதீங்க” என்று ஆரம்பித்தாள்.

அதுவரை இருந்த சிரிப்பு நின்றது. மேஸ்திரி முகம் சுருங்கிக் கேட்டார். “விழுந்தவனத் தூக்காம, அப்பறம் என்ன பாப்பா மனுசன்?”

அது அவர் கேலிக்குக் கேட்டதல்ல. எங்கள் பக்கத்தில் ஒருவர் விழுந்தால் நாலு பேர் ஓடி வந்து கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி, உட்கார வைத்து, தண்ணீரோ சோடாவோ கொடுத்த பிறகுதான் என்ன ஆச்சு என்றே கேட்பார்கள். அப்படிச் செய்யாமல் நிற்கிறவனை ஊர் மன்னிக்காது. மகளும் அதை மறுக்கவில்லை. தன் கைப்பேசி ஒயரை எடுத்து, ஒரு மூங்கில் துண்டுக்குள் விட்டுக் காட்டினாள். முதுகெலும்பு இந்த மூங்கில், உள்ளே போகிறது நரம்பு. மூங்கில் பிளந்திருக்கும்போது வளைத்தால் பிளந்த விளிம்பு ஒயரை அறுத்துவிடும். அப்புறம் காலுக்குச் சேதி போகாது என்றாள். ஒருவர் தலைமாட்டில் முட்டி போட்டு, இரண்டு கையாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் விடக்கூடாது. புரட்ட நேர்ந்தால், தலையைப் பிடித்திருக்கிறவர் மட்டும்தான் பேச வேண்டும். மற்றவர்கள் அவர் சொல்லுக்குத்தான் அசைய வேண்டும்.

“அது எங்க சட்டந்தான்” என்றார் மேஸ்திரி. “மூட்டையத் தலையில வாங்குறவந்தான் ‘ம்’ சொல்லுவான். தூக்கிவிடுறவன் வாயத் தொறக்கப்படாது.”

“அதேதான் ஐயா.”

உயரமானவரை விழுந்தவராகப் படுக்க வைத்துப் பழகினார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, “சங்கு எங்கடா? சங்கு ஊத ஆளு சொல்லலியா?” என்றார். அவரைப் புரட்டுவதற்குள் சுற்றி முட்டி போட்ட எட்டுப் பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. மேஸ்திரி மட்டும் தலையைப் பிடித்துக்கொண்டு சிரிக்காமல் “ம்” என்றார்.

பயிற்சி அத்தோடு முடிந்திருக்க வேண்டும். மகளுக்கு ஒரு சந்தேகம் பாக்கியிருந்தது. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அட்டியின் உச்சிக்கு எப்படி ஏறுகிறார்கள், அப்போது முழங்காலில் எவ்வளவு பாரம் விழும் என்று பார்க்க வேண்டும் என்றாள். “நான் ஒரு தடவை ஏறிப் பாக்கட்டுமா?”

உச்சிக்கு ஏற, மூட்டைகளாலேயே படி கட்டுவார்கள். ஒவ்வொரு படிக்கும் இரண்டு மூட்டை உயரம். மூட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி வைப்பார்கள். அதில் வெறுங்காலோடு, விரலால் சாக்கைக் கவ்விக்கொண்டு ஏறுவார்கள். ஆனால் அன்று ஏறப்போவது பாப்பா. அவ்வளவு பெரிய படியில் பாப்பா எப்படிக் கால் வைக்கும் என்று அவர்களே பேசிக்கொண்டு, அவளுக்காகத் தனியாக ஒரு படி கட்டினார்கள். ஒரு மூட்டைக்கு ஒரு படியாக, ஒற்றை வரிசையாக, ஏறுவதற்கு எளிதாக. ஏணிபோல அழகாகத்தான் இருந்தது. மரியாதைக்காகக் கட்டியது. பின்னல் இல்லை.

இன்னொன்றும் இருந்தது. அந்த மூட்டைகள் சணல் சாக்கு அல்ல. பாலத்தை இடிப்பதற்கு முந்தைய நாள் வந்த கடைசி லோடு முழுவதும் பிளாஸ்டிக் சாக்கு. “கெளுத்தி மீனாட்டம் வழுக்குதுக்கா” என்று அன்றைக்கே என்னிடம் சொன்னார்கள். பார்க்கலாம் என்றேன். பார்க்கவில்லை. என் மகள் கனமான பாதுகாப்பு ஷூ போட்டிருந்தாள். வெறுங்காலோடு வேலை செய்யக் கூடாது என்று ஒன்பது மணிக்குத்தான் அவர்களுக்குச் சொல்லியிருந்தாள்.

அவள் ஏறும்போது நான் ஏன் தடுக்கவில்லை என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஊஞ்சலை நிறுத்திய கை என்னுடையது. டீ வந்துவிட்டது, அவ்வளவுதான். தம்ளர்களை எண்ணி வைத்து ஊற்ற ஆரம்பித்திருந்தேன்.

சத்தம் பெரிதாக இல்லை. சாக்கின்மேல் சாக்கு உரசும் சத்தம், தினமும் நூறு தடவை கேட்கிறதுதான். நிமிர்ந்தபோது படி இருந்த இடத்தில் படி இல்லை. என் மகள் சிமெண்டுத் தரையில் மல்லாந்து கிடந்தாள். அவளுக்குப் பின்னால் சரிந்த மூட்டைகளில் ஒன்று அவள் முழங்காலுக்குக் கீழே குறுக்காகக் கிடந்தது.

நான் ஓடினேன். அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர வேறு ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. காலையிலிருந்து அவள் சொன்னதை எல்லோரையும்போல நானும் கேட்டிருந்தேன். நான் படித்தவள், பதினோரு பேருக்குப் பொறுப்பானவள். என் கை அவள் கழுத்துக்கு அடியில் போய்விட்டது.

யாரோ என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். மேஸ்திரி. பதினாறு வருடத்தில் அவர் விரல் என்மேல் பட்டதில்லை. கையெழுத்துப் போடப் பேனா வாங்கும்போதுகூட மேசையில் வைக்கச் சொல்லித்தான் எடுப்பார். இரும்புபோலப் பிடித்திருந்தார்.

“தொடாதீங்கக்கா.”

“விடுங்க மேஸ்திரி! எம்புள்ள!”

“நம்ம புள்ளதாங்க. தொடாதீங்க.”

இன்னொரு கையை அகல நீட்டிப் பின்னால் ஓடி வந்த பத்துப் பேரையும் நிறுத்தினார். அவர்கள் நின்றார்கள். அப்போதுதான் மகள் கண்ணைத் திறந்து, “யாரும் தூக்காதீங்க” என்றாள். அவள் சொல்வதற்கு முன்பே அவர் நிறுத்திவிட்டிருந்தார்.

மேஸ்திரி அவள் தலைமாட்டில் முட்டி போட்டார். முழங்கைகள் இரண்டையும் தரையில் ஊன்றி, இரு கையாலும் அவள் தலையைக் காதோடு சேர்த்துப் பிடித்தார். நாற்பது வருடம் சாக்கைப் பிடித்துக் காய்த்துப்போன கை. காலையில் பழகும்போது எப்படிப் பிடித்தாரோ அப்படியே.

“பாப்பா, பேசு.”

“கால்மேல மூட்டை கெடக்கு ஐயா. இழுக்காதீங்க. நேரா மேல எடுக்கச் சொல்லுங்க.”

மேஸ்திரி நாலு பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மூலைக்கு ஒருவராக உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவரும் அந்த மூட்டையைத் தனியாகத் தூக்கி லாரிக்குள் வீசுகிறவர்கள்தான். நாலு பேரும் முழங்காலை மடக்கி, முதுகு நேராக இருக்க, அவர் சொல்லுக்குக் காத்திருந்தார்கள். “ம்.” மூட்டை எழுந்தது. தரையிலிருந்து ஒரு முழம் நேராக மேலே வந்து, ஒரு கணம் நின்று, அப்படியே பக்கவாட்டில் போய் இறங்கியது. ஒரு அரிசிகூட உள்ளே நகர்ந்திருக்காது என்று தோன்றியது. ஐம்பது கிலோவை அவ்வளவு மெதுவாகத் தூக்க முடியும் என்பது எனக்குத் தெரியாது. அந்த நேரத்திலும் நான் அதைப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

“அம்மா, எடது கால் விரல ஆட்டுறேன். ஆடுதா?”

ஷூ முனை லேசாக அசைந்தது. “ஆடுதும்மா.”

“வலது?”

நான் வெகுநேரம் பார்த்தேன். பொய் சொல்ல வாயெடுத்தேன்.

“சரி விடு” என்றாள் அவள். “எனக்கே தெரியுது. அந்தக் கால் இருக்குற மாதிரியே இல்ல.”

அப்புறம் அவளுக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்தது. நான் அவள் விரல்களை மட்டும் பிடித்துக்கொண்டேன். அவள் இனி நடப்பாளா மாட்டாளா என்ற கேள்வி எங்கள் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

நூற்றெட்டுக்குப் போன் செய்தோம். வண்டி வேறொரு இடத்திலிருந்து வர வேண்டும், அரைமணி நேரத்துக்கு மேலாகும், அசைக்காமல் வைத்திருங்கள் என்றார்கள். இரண்டு பேர் வாய்க்கால் வரைக்கும் ஓடினார்கள். மற்றவர்கள் நின்றார்கள். வாழ்நாள் முழுவதும் தூக்குவதே தொழிலான மனிதர்கள், தூக்காமல் நின்றார்கள். வேலையில்லாத கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கக்கத்தில் செருகிக்கொண்டார்கள். ஒருவர் பழக்கத்தில் எங்கிருந்தோ சோடா வாங்கி வந்துவிட்டார். மேஸ்திரி பார்த்த பார்வையில் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். உயரமானவர் ஒரு அட்டைப்பெட்டி மூடியால் அவளுக்கு விசிறினார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. “நாங்க கட்டுன படி பாப்பா” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். 

“நல்ல படிதாண்ணே. சாக்குதான் வழுக்கிருச்சு” என்றாள் மகள்.

இருபது நிமிடம் ஆகியிருக்கும். மேஸ்திரியின் முதுகு வில்போல வளைந்திருந்தது. முழங்கால் வெறும் சிமெண்டில். அவள் காலையில் எதையெல்லாம் செய்யாதீர்கள் என்றாளோ அத்தனையையும் அந்த உடம்பு செய்துகொண்டிருந்தது. ஒருவர் குனிந்து, “நான் கை மாத்திக்கிறேன் மேஸ்திரி” என்றார்.

“மூட்டைய நடு வழியில எறக்குவியாடா நீ?”

கேட்டவர் பின்வாங்கிவிட்டார். அது அவர்கள் வழக்கம். தலையில் வாங்கிய சுமையைச் சேர வேண்டிய இடத்தில்தான் இறக்குவார்கள். நடுவில் இறக்குவதோ இன்னொருவர் தலைக்கு மாற்றுவதோ கிடையாது. இத்தனை வருடம் நான் அதை ஒரு வீம்பு என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆம்புலன்ஸில் வந்த பணியாளர் ஒல்லியான இளைஞர். நீளமான மஞ்சள் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு, எங்கள் ஆட்கள் இருவரும் முன்னும் பின்னும் பிடித்துக்கொள்ள, தென்னை மரத்தைக் கடந்து ஓடி வந்தார். வந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்.

“தூக்கி உக்கார வச்சீங்களா?”

“இல்லீங்க” என்றார் மேஸ்திரி.

“தண்ணி கிண்ணி?”

“இல்லீங்க.”

“காலப் புடிச்சு நீட்டி விட்டீங்களா?”

“இல்லீங்க.”

அவர் ஒரு நிமிடம் அந்தக் கைலிக் கூட்டத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வேலையில் இறங்கினார். கழுத்துக்குப் பட்டை போட்டார். “இப்ப இவங்களப் பொரட்டணும். எப்படின்னா...” என்று அவர் ஆரம்பிப்பதற்குள் எட்டுப் பேர் தங்கள் தங்கள் இடத்தில் முட்டி போட்டுவிட்டார்கள். தோளுக்கு ஒருவர், இடுப்புக்கு ஒருவர், தொடைக்கு ஒருவர். எங்கே உட்கார வேண்டும் என்று எவரும் எவரையும் கேட்கவில்லை.

“யாரு சொல்லிக் குடுத்தா?”

“பாப்பாதாங்க” என்றார் உயரமானவர். “காலைல.”

காலையில் அத்தனை சிரிப்பு வந்த பாடம். இப்போது ஒருவர் முகத்திலும் ஒன்றுமில்லை. மேஸ்திரி “ம்” என்றார். அவள் உடம்பு ஒரே துண்டாகத் திரும்பியது. பலகை அடியில் போனது. “ம்.” அவள் பலகைமேல் இருந்தாள். தலையின் இரண்டு பக்கமும் வைக்க வேண்டிய தடுப்பு வண்டியில் இல்லை என்றார் பணியாளர். இரண்டு பேர் தலைத்துண்டை அவிழ்த்துச் சும்மாடாகச் சுற்றினார்கள். மூட்டையைத் தாங்கத் தலையில் வைக்கும் அந்தச் சும்மாடு இரண்டும் அவள் காதுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தன. பணியாளர் பட்டையால் கட்டினார். அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி அவள் மார்பின்மேல் வைத்தார்.

“பெரியவரே, இனிமே நீங்க விடலாம்.”

“வண்டி வரைக்கும் வர்றேங்க” என்றார் மேஸ்திரி. விடவில்லை.

மண் சாலை வழியாக வாய்க்கால் வரை தூக்கிக்கொண்டு போனார்கள். நான் பின்னால் நடந்தேன். அவள் மார்பில் கிடந்த அந்த அட்டையையே பார்த்துக்கொண்டு நடந்தேன். மேடு, பள்ளம், லாரித் தடம், எல்லாம் உள்ள சாலை. அட்டை சரியவில்லை.

வாய்க்காலில் பிரச்சினை வந்தது. இரண்டு தென்னை மரத்தில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். பலகையின் இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். பணியாளர் அக்கரையைப் பார்த்தார், இக்கரையைப் பார்த்தார். மேஸ்திரி அவளைப் பார்த்தபடியே, “எறங்குங்கடா” என்றார். 

வாய்க்காலில் அப்போது தண்ணீர் மார்பளவு ஓடியது. கரையோரம் ஆகாயத்தாமரை. ஆறு பேர் இறங்கி இரண்டு வரிசையாக எதிரும் புதிருமாக நின்றார்கள். லாரியிலிருந்து மூட்டை இறக்கும்போது இப்படித்தான் நின்று கை மாற்றுவார்கள். ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு மூட்டை பறக்கும். இங்கே பலகை பறக்கவில்லை. ஒரு கை அடியில் வந்து நன்றாகப் பதிந்த பிறகுதான் முந்தைய கை விட்டது. விட்டவர் தண்ணீருக்குள்ளேயே நகர்ந்து முன்னால் போய், அடுத்ததாக நின்றார். அவர்கள் கால் சேற்றில் புதைவதும் எழுவதும் தண்ணீரின் கலக்கத்தில் தெரிந்தது. தண்ணீருக்கு மேலே அந்த ஆட்டம் ஒன்றும் தெரியவில்லை. பலகை தானாக மிதந்து போவதுபோலப் போனது. அவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். மேஸ்திரி மட்டும் மாறவில்லை. தலையைப் பிடித்தபடி, குனிந்ததில் கழுத்து வரை தண்ணீரில், பக்கவாட்டில் அடிவைத்து, “ம்... ம்...” என்று சொல்லிக்கொண்டே போனார். வேறு ஒருவரும் மூச்சுகூட விடவில்லை.

நான் தென்னை மரத்தின் நடுவில் நின்றுவிட்டேன். பயத்தால் அல்ல. அப்படி ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. பதினாறு வருடமாக இந்தக் கைகள் எத்தனை மூட்டை ஏற்றின, எத்தனை இறக்கின என்று எழுதி வைத்துக்கொண்டிருந்தவள் நான். அந்தக் கைகளுக்குள் இது இருந்தது எனக்குத் தெரியாது. மகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் காலையில் அப்படி ஒரு பாடத்தை எடுத்திருக்க மாட்டாள்.

பலகை வண்டிக்குள் போனபோதுதான் அவர் கை விட்டது.

மருத்துவமனையில் படம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். மகளை உள்ளே கொண்டுபோனதும் கதவு மூடிக்கொண்டது. அவள் அப்பாவுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன்; எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்டார். “ஒரு தடவையாவது விழ விடு” என்று தான் சொன்னது அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். இரண்டு பேருமே அதைச் சொல்லவில்லை.

எங்கள் ஆட்கள் பைக்கில் மூன்று மூன்று பேராக வந்து சேர்ந்தார்கள். துணி ஈரம். உள்ளே விடமாட்டார்கள் என்று வெளி வராந்தாவிலேயே இருந்துகொண்டார்கள். நான் ஒருமுறைதான் எட்டிப் பார்த்தேன். உயரமானவர் எழுந்து வந்து, “கால் ஆடுதாக்கா?” என்றார். தெரியாது என்றேன். அவர் திரும்பிப் போய் அதையே மற்றவர்களிடம் சொன்னார். மதியச் சாப்பாட்டுக்கு ஒருவரும் போகவில்லை. மூன்று மணி ஆனது. என் புடவை ஓரத்தில் காலையில் சிந்திய டீ காய்ந்து கறையாகியிருந்தது. அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இன்றும் தம்ளரில் டீ ஊற்றும்போது என் கை பாதியில் நின்றுவிடுகிறது.

மூன்றே முக்காலுக்கு எலும்பு மருத்துவர் வந்தார். என்னைவிட இளையவர். கையில் படத்தை வைத்துக்கொண்டு நின்றபடியே பேசினார்.

“முதுகெலும்புல ஒண்ணு நசுங்கியிருக்கும்மா. ஒரு துண்டு உள்பக்கமா லேசாத் தள்ளிட்டு நிக்குது. நரம்பத் தொட்டுட்டு நிக்குது, அறுக்கல. வலது கால்ல உணர்ச்சி வர ஆரம்பிச்சிருக்கு, கட்டைவிரல இப்ப என் கண்ணு முன்னாடி ஆட்டுனாங்க. கொஞ்ச மாசம் ஆகும், பெல்ட் போட்டு வச்சிருக்கணும். நடப்பாங்க.”

அவர் போகாமல் நின்றார்.

“விழுந்ததும் யாராவது தூக்கி உக்கார வச்சிருந்தா நான் இப்ப வேற மாதிரி பேசிட்டிருப்பேன்.” கதவுப் பக்கம் பார்த்தார். “வெளியில ஒரு பெரியவரு ஈரக் கைலியோட குனிஞ்சமேனிக்கே நிக்கிறாரு. நிமிர முடியல போலருக்கு. என்ன பண்ணுதுன்னு கேட்டா அதுக்குப் பதில் சொல்லாம, எறக்கியாச்சா, எறக்கியாச்சான்னே கேக்குறாரு. அவர மொதல்ல உள்ள கூட்டிட்டு வாங்கம்மா.”